படிவத்துக்கு என்ன பதவி?

முகப்புக்காரர் என்று ஒரு வகை மனிதர் உண்டு. அவரை நீங்கள் நேரில் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் அவரிடம் மாட்டிக்கொண்டு விழித்திருப்பீர்கள். தண்ணீர்க் குழாய் உடைந்ததைச் சொல்லவோ, மருத்துவரைப் பார்க்க நாள் கேட்கவோ, பிள்ளையின் பள்ளிக்கு விண்ணப்பம் போடவோ ஏதோ ஓர் அலுவலகத்தின் இணையப் பக்கத்தைத் திறந்தீர்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் மேலே போய், கீழே வந்து, எதையோ அழுத்தி, எங்கோ போய், திரும்பி வர வழி தெரியாமல் கணினியையே அணைத்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவினீர்கள் அல்லவா? அந்தப் பக்கத்தைக் கட்டியவர் அவர்தான். வீட்டுக்கு அருமையாக முகப்பு எடுத்துவிட்டு, வாசற்கதவு வைக்க மறந்துபோனவர்.

கெட்டவர் இல்லை. அதுதான் சங்கடம். கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போய்விடலாம். இவர் பாடுபடுகிறவர். ஒரு பக்கத்தைச் செய்து முடித்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து, ஆறடி தள்ளி நின்று, தலையை இடது பக்கம் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கி, சுவரில் மாட்டிய படத்தைப் பார்ப்பதுபோலத் திரையைப் பார்ப்பார். பிறகு அந்த வழியாகப் போகிறவர் யாராக இருந்தாலும், தபால் கொண்டுவந்தவரானாலும் சரி, விளக்கு மாற்ற வந்தவரானாலும் சரி, நிறுத்திக் கேட்பார்: “எடுப்பா இருக்கா?” இருக்கிறது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். தோளில் ஏணியோடு நிற்கிறவர் வேறு என்ன சொல்வார்?

இந்த இனத்துக்குச் சில அசைக்க முடியாத நம்பிக்கைகள் உண்டு. எழுத்தைப் பெரிதாக்கிச் சிவப்படித்தால் அது தலைப்பு; இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினால் முக்கியமான தலைப்பு. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும் இணைப்பு என்றால் அதற்கு உலகத்தில் ஒரே பெயர்தான்: ‘இங்கே’. மேலும் விவரங்களுக்கு இங்கே, படம் பார்க்க இங்கே, குறை சொல்ல இங்கே. அப்படி ஓர் ‘இங்கே’யை அழுத்தினால், அது இருக்கிற சன்னலில் திறக்கக் கூடாது. புதுச் சன்னலில்தான் திறக்க வேண்டும். ஏன் என்று கேளுங்கள், பொறுமையாகச் சொல்வார்: “வந்தவங்க நம்ம பக்கத்தை விட்டுப் போயிடக் கூடாது பாருங்க.” விருந்தாளி போய்விடக் கூடாது என்பதற்காக, அவர் ஒவ்வோர் அறைக்குள் நுழைந்ததும் பின்னாலிருக்கும் கதவைச் செங்கல் வைத்துப் பூசிவிடுகிறவரை நீங்கள் என்னவென்று அழைப்பீர்கள்? இவரை வடிவமைப்பாளர் என்று அழைக்கிறார்கள்.

நாம் பார்க்கப்போகிற முகப்புக்காரர் ஒரு நகர நூலகத்தில் வேலை செய்கிறவர். பதினைந்து வருடம் அங்கே அறிவிப்புப் பலகை எழுதினார். கூட்டம் நடந்தால் மேடைக்குப் பின்னால் கட்டும் பதாகை எழுதினார். மேடையில் யார் நடுவில், யார் ஓரத்தில், யாருக்குக் கைப்பிடி வைத்த நாற்காலி, யாருக்குக் கைப்பிடி இல்லாதது என்பதை ஒருமுறைகூடத் தப்பில்லாமல் போட்டார். இணையம் வந்ததும், “நீதான்பா எழுத்து அழகா போடுவே” என்று அந்த வேலையையும் அவரிடம் கொடுத்துவிட்டார்கள். அவரும் அதே கையோடு செய்தார். பலகை மாறியது, கை மாறவில்லை.

அவரைச் சரியாகப் பார்க்க வேண்டுமானால் அவர் மனைவியின் தையல் இயந்திரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்ள வேண்டும். வீட்டு முன்னறையில், சன்னலோரம், கால்சட்டையைக் குட்டையாக்குவது, பிய்ந்துபோன ஜிப்பை மாற்றுவது, இளைத்தவர்களுக்குப் பிடித்துக் கொடுப்பது, பெருத்தவர்களுக்குப் பிரித்து விடுவது என்று நாள் முழுக்கத் தைத்துக்கொண்டிருப்பாள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். துணி கொடுக்க வருகிறவர்களிடம் அளவு கேட்பதற்கே நாலு தடவை தொண்டையைச் செருமுவாள். வாயில் எப்போதும் குண்டூசி இருப்பதால் அவள் பேசுவதில்லை என்று அக்கம்பக்கத்தார் நினைத்தார்கள். பேச வேண்டியிருக்கக் கூடாது என்பதற்காகத்தான் அவள் குண்டூசியை வாயில் வைத்திருந்தாள். ஆனால் கண் சும்மா இருக்காது. வாசலில் நுழைகிறவர் எந்தத் தோளை இறக்கி நடக்கிறார் என்பதை அவர் குடையை மடக்குவதற்குள் பார்த்துவிடுவாள்.

அந்த வீட்டில் மூன்றாவதாக ஒருத்தி இருந்தாள். தையல்காரியின் தங்கை. பன்னிரண்டு வயதில் காய்ச்சலில் பார்வை போனது. வாய் மட்டும் அக்காவுக்கும் சேர்த்து வளர்ந்தது. வாடகை வண்டி அலுவலகம் ஒன்றில் ஒன்பது வருடம் தொலைபேசி எடுத்தாள். மூன்று மாதத்துக்கு முன் அந்த அலுவலகத்தை மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் இருக்கிறாள். அதாவது, வீட்டில் இருக்க முடியாமல் இருக்கிறாள்.

அவளுக்காக அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது: எந்தப் பொருளும் இடம் மாறக் கூடாது. நாற்காலியை இழுத்தால் திரும்ப மேசைக்குள் தள்ள வேண்டும். வாளி எப்போதும் குழாய்க்கு இடது பக்கம். செருப்பு சுவரை ஒட்டி. இந்தச் சட்டத்தைப் போட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? நம் முகப்புக்காரர்தான். யாராவது செருப்பை வழியில் விட்டால் வீடு இரண்டாகும். “அவ வந்து இடறி விழணுமா? கண்ணு தெரியுதில்ல உனக்கு?” என்று கத்துவார். உப்பு டப்பா மூடிக்கு ஒரு பொத்தான், சர்க்கரை டப்பா மூடிக்கு இரண்டு பொத்தான் என்று தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்கிற மாதிரி ஒட்டிவைத்தவரும் அவரே. அந்த மனிதர்தான் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு அலுவலகம் போய், நகரத்துக்கே சேர்த்து வழியெல்லாம் செருப்பை இறைத்துவிட்டு வருவார்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் அவர் வாயெல்லாம் பல்லாக வந்தார். நூலகத்தில் தொலைபேசி விசாரணைக்கு ஆள் எடுக்கிறார்கள். அந்த நாற்காலி ஐந்து மாதமாகக் காலி. விண்ணப்பம் இணையத்தில் மட்டும்தான். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி வரை.

“பக்கம் நான்தான் பண்ணினேன். பார்த்தவுடனே கண்ணைப் பறிக்கும்” என்றார்.

“என் கண்ணை ஏற்கெனவே பறிச்சாச்சு அத்தான். பாக்கி ஏதாவது இருந்தா சொல்லுங்க” என்றாள் தங்கை. ஆனால் அதைச் சொல்லும்போதே எழுந்து மேசைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அக்கா அதைப் பார்த்தாள். மூன்று மாதத்தில் அவள் அவ்வளவு வேகமாக எழுந்ததில்லை.

தங்கையின் கணினி எழுத்தைப் படித்துச் சொல்லும். அந்தக் குரலுக்கு அவள் ‘அம்மணி’ என்று பெயர் வைத்திருந்தாள். அம்மணி பேசுவது மற்றவர்களுக்குக் கடுகு வெடிக்கிற மாதிரி கேட்கும். தங்கைக்கு அந்த வேகம்தான் சரி. கண் இருக்கிறவர்கள் ஒரு பக்கத்தைத் திறந்தால் முதலெழுத்திலிருந்து படிக்கிறார்களா? இல்லையே. தலைப்பு தலைப்பாகக் கண்ணை ஓட்டி, வேண்டிய இடத்தில் நிறுத்துகிறார்கள். தங்கையும் அதையேதான் செய்வாள். ஒரு விசையைத் தட்டினால் அம்மணி அடுத்த தலைப்புக்குத் தாவும். இன்னொரு விசையைத் தட்டினால் அந்தப் பக்கத்திலுள்ள இணைப்புகளை எல்லாம் வரிசையாக ஒப்பிக்கும்.

தலைப்பு விசையைத் தட்டினாள்.

“தலைப்புகள் இல்லை” என்றது அம்மணி.

இணைப்பு விசையைத் தட்டினாள்.

“இங்கே. இங்கே. இங்கே. இங்கே. இங்கே. இங்கே.”

“என்ன அத்தான், கிளி வளர்க்கிறீங்களா அங்கே?”

முப்பத்தொரு ‘இங்கே’. நாலைந்தைக் குத்துமதிப்பாக அழுத்திப் பார்த்தாள். ஒன்று இயக்குநரின் வாழ்த்துரை. இன்னொன்று இயக்குநர் மரம் நடும் படங்கள். ஒவ்வொன்றும் புதுச் சன்னல். திரும்பிப் போகிற விசையை அழுத்தினால் திரும்பவில்லை; புதுச் சன்னலுக்குப் பின்னால்தான் ஒன்றும் கிடையாதே. கால் மணி நேரத்தில் தான் எந்தச் சன்னலில் இருக்கிறோம் என்பது அவளுக்கும் தெரியவில்லை, அம்மணிக்கும் தெரியவில்லை.

நம்மவருக்கு முகம் சுருங்கிவிட்டது. “தலைப்பு இல்லையா? ஒன்பது தலைப்பு போட்டிருக்கேன்! இவ்வளவு பெரிசு! ரத்தச் சிவப்பு!”

“பெரிசு சிவப்பு எல்லாம் உங்க கண்ணுக்கு. அம்மணிக்கு அது வெறும் எழுத்து. இது தலைப்புன்னு உள்ளே குறிச்சு வைக்கணும் அத்தான்.”

அக்கா குனிந்தபடியே தைத்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த துணியில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டிருந்தது. கோடு போட்டால் தையலாகிவிடுமா என்று நினைத்தாள். சொல்லவில்லை. வாயில் குண்டூசி.

“இதுக்கு ஏன் இவ்வளவு கஷ்டம்? நானே நிரப்பிடறேன், நீ விவரத்தைச் சொல்லு” என்றார் அவர்.

“படிவத்துல கடைசி வரி என்னன்னு படிங்க பார்ப்போம்.”

அவர் தன் கைப்பேசியில் தேடிப் படித்தார். தேட அவருக்கே கொஞ்ச நேரம் பிடித்தது. “‘இப்படிவத்தைப் பிறர் உதவியின்றி நானே நிரப்பினேன் என உறுதி அளிக்கிறேன்.’”

“யார் எழுதின வரி?”

“நான்தான்.”

“நான் பொய்க் கையெழுத்துப் போட்டு வேலைக்குச் சேரணும், அதுவும் நீங்க எழுதின வரிக்குக் கீழேயே. அப்படித்தானே? வேலை எனக்கு வேணும் அத்தான். ரொம்ப வேணும். ஆனா அந்தப் படிவத்துல என் விரல்தான் போகும்.” அப்படிச் சொல்லிவிட்டு, பேச்சு கொஞ்சம் கனமாகிவிட்டது என்று தோன்றியதோ என்னவோ, “நீங்க நிரப்பினா உங்களைத்தான் எடுப்பாங்க. அக்கா பாவம்” என்றாள்.

செவ்வாய்க்கிழமை கூட்டம், கூட்டத்துக்குப் பதாகை. புதன்கிழமைதான் அவர் பக்கத்தைத் திருத்த உட்கார்ந்தார். உள்ளே போய்த் தேடினால், ஆமாம், இருக்கிறது: ஒரு வரியைத் தேர்ந்தெடுத்தால் ‘தலைப்பு’ என்று ஒரு பட்டியல் விழுகிறது. நிலை ஒன்று, நிலை இரண்டு, நிலை மூன்று, அப்படியே ஆறு வரை.

இந்த இடத்தில் உங்களைப் போன்ற ஒருவர், பக்கத்தின் பெயர் ஒன்று, அதற்குள் பெரிய பகுதிகள் இரண்டு, அதற்குள் சின்னப் பகுதிகள் மூன்று என்று புரிந்துகொண்டிருப்பார். ஆனால் பதினைந்து வருடம் மேடைக்கு நாற்காலி போட்டவர் கண்ணில் ‘நிலை’ என்ற சொல் பட்டால் அவருக்கு என்ன தோன்றும்? ஒன்றாம் நிலை யார்? கேள்வியே இல்லை, இயக்குநர். அவர் பெயருக்கு ஒன்று போட்டார். மரியாதைக்கு ஒரு படி இடைவெளி விட்டு, துணை இயக்குநர் பெயருக்கு மூன்று போட்டார். தலைமை எழுத்தருக்கு நான்கு. நூல் கட்டும் பிரிவுக்கு ஐந்து. காவலாளிக்கு ஆறு.

மதியத்துக்குள் விஷயம் மாடி ஏறிவிட்டது. துணை இயக்குநர் அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டே வந்தார்.

“நான் மூணாவதா? அவருக்கும் எனக்கும் நடுவுல யாரு?”

“யாரும் இல்ல மேடம். மரியாதைக்கு விட்ட இடம்.”

“அந்த மரியாதை எனக்கு வேண்டாம். என்னை ரெண்டுல போடுங்க.”

அவரை இரண்டில் போட்டதும் மூன்று காலியானது. மூன்று காலி என்று தெரிந்ததும் தலைமை எழுத்தர் வந்தார். குழந்தைகள் பிரிவுக்காரரும் பழைய இதழ்கள் பிரிவுக்காரரும் ஒரே நாளில் பதவி உயர்வு பெற்றவர்கள். அவர்களை ஒரே நிலையில் போட வேண்டும், ஆனால் யார் பெயர் முதலில் என்று ஒரு மணி நேரம். ஓய்வுபெற்ற இயக்குநர் ஒருவர் எப்படியோ கேள்விப்பட்டுத் தொலைபேசியில் அழைத்து, ‘முன்னாள்’ என்பவர் எந்த நிலையில் வருவார் என்று பொதுவாக விசாரித்தார். மாலைக்குள் பக்கத்தில் இருபத்திரண்டு தலைப்புகள். இருபத்திரண்டும் ஆட்கள்.

கடைசியில் நம்மவருக்கு நினைவு வந்து, “அப்போ விண்ணப்பப் படிவத்துக்கு எதைப் போடறது?” என்று கேட்டார்.

தலைமை எழுத்தர் அவரை மேலும் கீழும் பார்த்தார். “படிவத்துக்கு என்னய்யா பதவி?”

நியாயமான கேள்வியாகவே பட்டது. விட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்து, மார்பை நிமிர்த்தி, “இப்போ கேளு” என்றார். தங்கை தலைப்பு விசையைத் தட்டினாள்.

“தலைப்பு, நிலை ஒன்று, இயக்குநர் அவர்கள். தலைப்பு, நிலை இரண்டு, துணை இயக்குநர் அவர்கள்.” அம்மணி கடகடவென்று எல்லாரையும் மேடைக்கு அழைத்தது. காவலாளி வரை வந்து நின்றது.

தங்கை கடைசி வரை கேட்டாள். பிறகு, “எல்லாரும் வந்து உட்கார்ந்தாச்சு. கூட்டத்தை ஆரம்பிச்சுடலாமா அத்தான்?” என்றாள்.

“படிவம்...”

“படிவம் எங்கே?”

“அது இருக்கு. அதுக்கு நிலை கொடுக்க முடியலை. பதவி இல்லேன்னுட்டாங்க.”

அவள் சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. சிரித்து முடிந்ததும் பக்கத்தை வரி வரியாகக் கேட்கத் தொடங்கினாள். நடுவில் ஓரிடத்தில், ‘உதவி தேவைப்படுவோர் விசாரணைப் பிரிவைத் தொலைபேசியில் அழைக்கவும்’ என்று வந்தது. எண்ணை அழைத்தாள். மணி அடித்தது. அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

“ஏன் யாருமே எடுக்கலை?”

நம்மவர் தரையைப் பார்த்தார். “அதுக்குத்தானே ஆள் எடுக்கிறோம்.”

இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. கைப்பேசியை மேசையில், எப்போதும் வைக்கிற மூலையில், வைத்தாள். அக்காவின் இயந்திரம் நின்றது. தங்கை சிரிக்காமல் விட்ட இடங்களை அவள் எண்ணிவைத்திருந்தாள். அவை அதிகம் இல்லை.

மறுநாள் காலை அவர் கிளம்பும்போது அவள் வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஊசி குத்திவைக்கிற சின்னத் தலையணையில் குத்தினாள். அப்படியென்றால் பேசப் போகிறாள் என்று அர்த்தம். அவர் பயந்து நின்றார்.

“ஏங்க.” தொங்கிக்கொண்டிருந்த இரண்டு சட்டைகளின் கழுத்துப்பட்டியைத் திருப்பிக் காட்டினாள். உள்ளே சின்னத் துண்டில் ஒன்றில் முப்பத்தாறு, ஒன்றில் நாற்பத்திரண்டு. “இந்தச் சட்டை அந்தச் சட்டையை விடப் பெரிய பதவியா?”

“என்ன கேள்வி இது? அது அளவு. எடுக்கிறவங்க எடுக்கத் தோதா எழுதியிருக்கு.”

“நானும் அப்படித்தான் நினைச்சேன்” என்று சொல்லிவிட்டு, மறுபடி குண்டூசியை வாயில் வைத்துக்கொண்டாள்.

அவர் படி இறங்கினார். மூன்றாவது படியில் நின்றார். அங்கே பக்கத்து வீட்டுப் பையனின் பந்து கிடந்தது. வழக்கம்போல, “யார்டா இதை வழியில போட்டது!” என்று கத்த வாயைத் திறந்தவர், கத்தாமல் மூடிக்கொண்டு, பந்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் போனார். அவள் சன்னல் வழியாக அதைப் பார்த்தாள்.

ஆனால் புரிந்துகொள்வது வேறு, இயக்குநர் பெயரிலிருந்து ஒன்றாம் நிலையை எடுப்பது வேறு. வியாழக்கிழமை முழுக்க அவர் இயக்குநர் அறை வாசல் வரை போய்ப் போய்த் திரும்பினார். போட்ட நாற்காலியிலிருந்து ஒருவரை எழுப்பிப் பார்த்திருக்கிறீர்களா? முகப்புக்காரரிடம் கேளுங்கள், அதற்குப் பதில் நூலகத்தையே இடம் மாற்றிவிடலாம் என்பார்.

வெள்ளிக்கிழமை நடந்ததை அவர் பிறகு வீட்டில் ஏழு தடவை நடித்துக் காட்டியிருக்கிறார். ஏழிலும் மாறாமல் வந்த பகுதி இதுதான்.

மதியம் இரண்டு மணிக்கு இயக்குநர் கூப்பிட்டார். “எத்தனை விண்ணப்பம் வந்திருக்கு?”

“ஒண்ணும் வரலை சார்.”

“ஒண்ணுமேவா? ஊர்ல யாருக்கும் வேலை வேண்டாமா? காட்டு, நானே பார்க்கிறேன்.”

இயக்குநர் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தன் பெயரைப் பார்த்தார், திருப்தியாக இருந்தது. ஓர் ‘இங்கே’யை அழுத்தினார். வாழ்த்துரை. இன்னொன்று. மரம் நடும் படங்கள். இன்னொன்று. மறுபடி வாழ்த்துரை, வேறு சன்னலில். திரும்பிப் போகப் பார்த்தார், முடியவில்லை. பத்து நிமிடத்தில் பதினான்கு சன்னல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, பதின்மூன்றிலும் இயக்குநரே மாலை போட்டபடி சிரித்துக்கொண்டிருந்தார். பதினான்காவதில் மரம்.

“நான் இப்போ எங்கே இருக்கேன்?” என்று கேட்டார் இயக்குநர். கண் நன்றாகத் தெரிகிற, இரண்டு பட்டம் வாங்கிய மனிதர்.

“எல்லா இடத்துலயும் சார்” என்றார் நம்மவர். கிண்டலாகச் சொல்லவில்லை. பயத்தில் உண்மை வந்துவிட்டது.

“படிவம் எங்கேய்யா?”

அப்போதுதான் நம்மவருக்குச் சட்டைக் கழுத்து நினைவு வந்தது. அதைவிட, மணி அடித்துக்கொண்டே இருந்தது நினைவு வந்தது. “படிவத்துக்குத்தான் சார் தலைப்பு வேணும். ஆட்களுக்கு வேண்டாம். இந்த நிலையெல்லாம் தேடறவங்களுக்காக இருக்கிறது.”

“அப்போ எனக்கு எந்த நிலை?”

அறையில் மின்விசிறி சுற்றியது. ஒருவரின் பதினைந்து வருட அனுபவம் முழுவதும் ஒரு நொடியில் உதவிக்கு வருவது எப்போதாவதுதான் நடக்கும்.

“உங்களுக்கு நிலையே கிடையாது சார். நீங்க நிலைக்கெல்லாம் அப்பாற்பட்டவர்.”

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யோசித்தார். முகம் மெல்ல மலர்ந்தது. “அதுவும் சரிதான்” என்றார்.

பதினைந்து நிமிடத்தில் துணை இயக்குநர் அம்மா வந்து, தானும் அப்பாற்பட்டவரா இல்லையா என்று கேட்டார். தலைமை எழுத்தர் எழுத்து மூலமாகவே கேட்டார். மூன்று மணிக்குள் நூலகத்தில் அத்தனை பேரும், காவலாளி உட்பட, நிலைகளுக்கு அப்பாற்பட்டவர்களாகிவிட்டார்கள். பக்கம் காலியானது. நம்மவர் உட்கார்ந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஆறடி தள்ளி நின்று பார்க்காமல் வேலை செய்தார். நூலகத்தின் பெயர், நிலை ஒன்று. வேலைவாய்ப்பு, நிலை இரண்டு. அதற்குள் தகுதிகள், கடைசி நாள், விண்ணப்பப் படிவம், மூன்றும் நிலை மூன்று. இணைப்புகளில் ‘இங்கே’யை அழித்துவிட்டு, எங்கே போகும் என்பதை எழுதினார். எல்லாம் அதே சன்னலில்.

அவர் அழைத்துச் சொன்னதும், நான்கு இருபதுக்குத் தங்கை கணினியைத் திறந்தாள். அக்கா இயந்திரத்தை நிறுத்திவிட்டு, பொத்தான் தைப்பதுபோல ஒரு சட்டையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“தலைப்பு, நிலை மூன்று, விண்ணப்பப் படிவம்” என்றது அம்மணி.

“அடடா, படிவத்துக்குப் பதவி கிடைச்சிடுச்சு!” என்றாள் தங்கை. விரல்கள் ஓடத் தொடங்கின. பெயர், படிப்பு, ஒன்பது வருட அனுபவம், ‘நூலகத்தில் ஏன் பணிபுரிய விரும்புகிறீர்கள்’ என்பதற்கு அரைப்பக்கம். கடைசி உறுதிமொழி. அதற்குக் கீழே ஒரே ஒரு பொத்தான்.

“பொத்தான். இங்கே” என்றது அம்மணி.

விரல் நின்றது. மணி நான்கு நாற்பத்தாறு.

தங்கை அவரை அலுவலகத்துக்கு அழைத்தாள். “அத்தான், கடைசியில ஓர் ‘இங்கே’ மிச்சம் இருக்கு.”

“ஐயோ, ஆமாம், விட்டுப்போச்சு. அதுதான்மா அனுப்பற பொத்தான். அழுத்திடு, அழுத்திடு.”

“நான் உதவி கேட்கக் கூப்பிடலை. புகார் கொடுக்கிறேன். குறிச்சுக்கோங்க.”

“மணி ஆகுதும்மா! மாத்தினா நீ பக்கத்தை மறுபடி திறக்கணும், நிரப்பினது எல்லாம் போயிடும்!”

“எனக்கு அத்தான் இருக்கார், கேட்டுட்டேன். இதே நேரத்துல இன்னொரு வீட்டுல இன்னொருத்தி இந்த ‘இங்கே’ மேல விரலை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பா. அவளுக்கு அத்தான் இருக்காரான்னு யாருக்குத் தெரியும்? மாத்துங்க.”

அக்காவின் கையில் ஊசி ஏறியது. அவள் அதைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தொன்பது. நாற்பத்தொன்பதரை. “மாத்திட்டேன்” என்று கைப்பேசியில் ஓர் அலறல் கேட்டது. தங்கை பக்கத்தை மறுபடி திறந்தாள். எல்லாம் வெறுமை. தலைப்பு, தலைப்பு, தலைப்பு. தாவித் தாவிப் படிவத்துக்கு வந்தாள். மழை பெய்கிற மாதிரி தட்டினாள். அரைப்பக்கப் பதில் இந்தத் தடவை இரண்டே வரியானது: ‘நான் விசாரணைப் பிரிவு எண்ணை அழைத்தேன். யாரும் எடுக்கவில்லை.’

“பொத்தான். விண்ணப்பத்தை அனுப்பு.”

அழுத்தினாள். அதே சன்னலில், ஐந்து மணிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது, “உங்கள் விண்ணப்பம் வந்து சேர்ந்தது” என்றது அம்மணி. சட்டையில் பொத்தான் தப்பான பக்கத்தில் தைக்கப்பட்டிருந்தது.

ஐந்து நாளாக ஒன்றும் வராத இடத்தில், அன்று மாலை ஐந்துக்குள் பதினோரு விண்ணப்பங்கள் வந்தன. பத்து பேர் கண் தெரிந்தவர்கள்.

வேலை கிடைத்ததா என்றுதானே கேட்கிறீர்கள்? அந்த நூலகத்தை அழைத்துப் பாருங்கள். இப்போதெல்லாம் இரண்டாவது மணியிலேயே எடுக்கிறார்கள்.

முகப்புக்காரர் திருந்தினாரா? இந்த இனம் திருந்துவதில்லை, பக்கம் மாறிக்கொள்ளும். இப்போது கண்ட இடமெல்லாம் தலைப்புதான். மளிகைப் பட்டியலில்கூட நிலை ஒன்று, நிலை இரண்டு போட்டு எழுதுகிறார். அக்கா அதைப் படித்துவிட்டு, குண்டூசியை எடுக்காமலேயே சிரிக்கிறாள்.

நீங்களும் சிரித்தீர்கள். நல்லது. சிரித்த கையோடு கைப்பேசியை எடுத்து, குடும்பக் குழுவில் இன்று காலை நீங்கள் அனுப்பியதை ஒருமுறை பாருங்கள். நீளமாக ஓர் இணைப்பு. அதற்கு மேலே இரண்டே சொற்கள்: ‘இதைப் பாருங்க’. எதைப் பார்க்க, எதற்காகப் பார்க்க, திறந்தால் எங்கே போய் விழுவார்கள் என்று ஒரு வார்த்தை? இல்லை. உங்கள் அத்தை அதை அழுத்திவிட்டு எங்கேயோ போனவர் இன்னும் திரும்பவில்லை. போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள்.